பிள்ளைகளுக்கு அட்சரகணிதமும் கேத்திரகணிதமும்
வகுப்பிலும் வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய ஆறு பயிற்சிகள்



எமது ஆலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடைபெறும் கணித வகுப்பைப் பற்றிப் பலர் எம்மிடம் விசாரித்து வருகின்றனர். "பிள்ளையள் கடலையும் கயிறும் வைச்சு விளையாடுதுகள், எப்ப படிக்கிறது?" என்று குறைப்பட்டோரும் உண்டு. அவர்களுக்குப் பதிலாகவும், வகுப்புக்கு வரமுடியாத குடும்பங்களுக்கு உதவியாகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம். இங்கு கூறப்படும் பயிற்சிகள் ஏழாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உரியவை. இவற்றுக்கு வேண்டிய பொருட்கள் எல்லாம் சமையலறையிலும் மேசை லாச்சியிலும் கிடைப்பவையே.

ஏன் இந்த அக்கறை?

இங்கிலாந்தில் ஜீ.சீ.எஸ்.ஈ. கணிதப் பரீட்சை இரண்டு நிலைகளில் நடைபெறுகிறது. 'ஹையர்' நிலையில் எழுதும் பிள்ளை 9 வரை பெறலாம். 'பவுண்டேசன்' நிலையில் எழுதும் பிள்ளை எவ்வளவு திறமையாக எழுதினாலும் 5க்கு மேல் பெற முடியாது. ஏ லெவலில் கணிதம் எடுக்கப் பெரும்பாலான பாடசாலைகள் 5ஐ விட உயர்ந்த பெறுபேற்றையே கேட்கின்றன. ஆகவே பொறியியல், பொருளியல் போன்ற துறைகளின் கதவு பதினாறு வயதிற்கு முன்னரே சில பிள்ளைகளுக்குச் சாத்தப்பட்டுவிடுகிறது. பல பாடசாலைகள் பிள்ளைகளை ஏழாம், எட்டாம் ஆண்டிலேயே 'செற்'களாகப் பிரித்து விடுகின்றன. கீழ் செற்றில் இருந்து பின்னர் மேலே ஏறுவது இலகுவல்ல. பெற்றோருக்கு இது தெரியவருவது பெரும்பாலும் பிந்தித்தான்.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் எது என்று பார்த்தால், அது கூட்டல் கழித்தல் அல்ல. எண்ணுக்குப் பதிலாக எழுத்து வருகின்ற இடமும், படத்தைப் பார்த்துச் சொன்னது போதாது, காரணம் சொல் என்று கேட்கின்ற இடமுமே அவை. முன்னையது அட்சரகணிதம், பின்னையது கேத்திரகணிதம். இவ்விரண்டையும் சூத்திரமாகப் பாடமாக்கிக்கொண்டு போகும் பிள்ளை, கேள்வி சற்று மாறினால் திகைத்து நின்றுவிடும்.

"அண்ணை, நான் ஊரிலை ஓ லெவல் வரைதான் படிச்சனான். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். ஊரில் ஓ லெவலில் படித்த சமன்பாடும் பைதகரசின் தேற்றமும்தான் இங்கும் படிப்பிக்கப்படுகின்றன. முக்கோணியின் மூன்று கோணங்கள் தமிழிலும் 180 பாகை, ஆங்கிலத்திலும் 180 பாகை. எம்மில் அநேகர் வீடு வளவு, சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கற்றது மாத்திரமே எம்முடன் கூட வந்தது. அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் வைத்திருப்பதில் நியாயம் இல்லை.

பயிற்சி 1: மூடிய பெட்டியும் கடலையும்

ஒரே மாதிரியான சிறு பெட்டிகள் சிலவும் ஒரு கை கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்க்காதபோது இரண்டு பெட்டிகளிலும் நான்கு நான்கு கடலை இட்டு மூடிவிடுங்கள். மேசையின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் இரண்டு பெட்டிகளும் மூன்று உதிரிக் கடலைகளும். வலப்பக்கம் 11 கடலைகள். "இரண்டு பக்கமும் சமன். இரண்டு பெட்டிகளிலும் ஒரே அளவு இருக்கிறது. திறக்காமல் சொல்லு, எத்தனை?" என்று கேளுங்கள்.

பிள்ளை இரண்டு பக்கத்திலும் மூன்று கடலையை எடுத்துவிடும். இரண்டு பெட்டிக்கு எட்டு, ஒன்றுக்கு நான்கு. இப்போது எழுதச் சொல்லுங்கள்:

2ப + 3 = 11
2ப = 8
ப = 4

அட்சரம் என்றால் எழுத்து. பாடப்புத்தகத்தில் 'எக்ஸ்' என்று இருப்பதால் அதில் ஏதோ மந்திரம் இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கின்றனர். 'ப' என்று தமிழில் எழுதினாலும் கணக்கு அதுவேதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: 'ப' என்பது பெட்டி அல்ல. பெட்டியினுள் இருக்கும் கடலைகளின் எண்ணிக்கையே 'ப'. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லவேண்டும். எழுத்தைப் பொருளின் பெயராக நினைக்கும் பிள்ளை பின்னர் இரண்டு எழுத்துக்களைப் பெருக்கும்போது குழம்பிப்போகும்.

அடுத்து இருபக்கமும் பெட்டி வையுங்கள்: 3ப + 2 = ப + 10. இரு பக்கத்திலும் ஒரு பெட்டியை எடுத்தால் 2ப + 2 = 10. ஆகவே ப = 4. பெட்டியைத் திறந்து சரிபார்ப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள மகிழ்ச்சி பெரிது.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்று நாம் படித்தோம். அது குறுக்கு வழி. காரணம் என்னவெனில், இரு பக்கத்திற்கும் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்பதே. கணக்காளருக்கு இது புதிதல்ல. சொத்துக்கள் ஒரு பக்கம், பொறுப்புக்களும் மூலதனமும் மறு பக்கம். எந்தப் பதிவைச் செய்தாலும் ஐந்தொகை சமப்பட்டே நிற்க வேண்டும். 'அல்ஜிப்ரா' என்ற சொல்லும் பக்தாத் நகரில் 820ஆம் ஆண்டளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்-ஜப்ர்' என்பதிலிருந்து வந்ததே. குறைந்ததை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்பதை இரு பக்கமும் கூட்டிச் சீராக்குவதையே அவர் அவ்வாறு அழைத்தார்.

பயிற்சி 2: பணச் சிட்டையும் கடன் சிட்டையும்

2ப + 9 = 3 என்று ஒரு சமன்பாடு வந்தால் பெட்டி உதவாது. மறை எண்ணளவு கடலையைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. இங்கே சிட்டைகளுக்கு மாறவேண்டும். கறுப்பு மையால் '5 பவுண் பணம்' என்று மூன்று சிட்டைகளும், சிவப்பு மையால் '5 பவுண் கடன்' என்று மூன்று சிட்டைகளும் எழுதி ஆறையும் பிள்ளையிடம் கொடுங்கள். "உன்னிடம் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பணம் 15, கடன் 15, ஆகவே பூச்சியம்.

இப்போது மூன்று கடன் சிட்டைகளையும் நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். "இப்ப எவ்வளவு?" பிள்ளையிடம் 15 பவுண் மிஞ்சி நிற்கிறது. எடுத்தது மூன்று முறை, ஆகவே −3. எடுத்தது ஐந்து பவுண் கடன், ஆகவே −5. விளைவு +15.

(−3) × (−5) = +15

'மறையை மறையால் பெருக்கினால் நேர்' என்று நூறு முறை பாடமாக்கியும் பதியாதது, கடனைத் தள்ளுபடி செய்தால் ஆள் பணக்காரன் ஆவான் என்று கண்டவுடன் பதிந்துவிடுகிறது. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தமது நூலில் இவ்விதிகளைத் தனம், ருணம் என்ற சொற்களைக் கொண்டே, அதாவது செல்வம், கடன் என்றே எழுதிவைத்தார்.

இனி முதலில் கூறிய சமன்பாட்டுக்கு வருவோம். இரு பக்கமும் 9ஐக் கழித்தால் 2ப = −6; ப = −3.

பயிற்சி 3: தீக்குச்சிச் சதுரங்கள்

தீக்குச்சிகளால் ஒரு சதுரம் செய்ய 4 குச்சி. அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சதுரம் செய்தால் மொத்தம் 7. மூன்று சதுரத்திற்கு 10. "100 சதுரத்திற்கு எத்தனை குச்சி?" என்று கேளுங்கள். விடையை விட, எப்படி நினைத்தாய் என்பதே இங்கு முக்கியம். சதுரங்களின் எண்ணிக்கையை 'ச' என்போம். எமது வகுப்பில் மூன்று விதமான விடைகள் வந்தன.

ஒருவர்: முதற் சதுரத்திற்கு 4, பிறகு ஒவ்வொன்றுக்கும் 3. ஆகவே 4 + 3(ச − 1).
இன்னொருவர்: மேலே ச, கீழே ச, நிலைக்குத்தாக ச + 1. ஆகவே ச + ச + (ச + 1).
மற்றவர்: எல்லாச் சதுரத்திற்கும் 4 வீதம் எண்ணிவிட்டு, இரு முறை எண்ணிய குச்சிகளைக் கழித்தார். ஆகவே 4ச − (ச − 1).

மூன்றையும் சுருக்கினால் 3ச + 1 என்றே வருகிறது. 100 சதுரத்திற்கு 301 குச்சி. அடைப்பை நீக்கிச் சுருக்குவது எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: வெவ்வேறு விதமாகப் பார்த்த மூன்று பேர் ஒரே கருத்தைத்தான் சொன்னார்கள் என்று காட்டுவதற்கே.

பயிற்சி 4: கோலப் புள்ளிகள்

இது எமது தாய்மாருக்குக் கைவந்த பாடம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்தத்தைச் சொல்லவேண்டும்.

நடுவரிசை வரை கூட்டினால் 1 + 3 + 5 + 7 = 16. அது 4 × 4. மீதி 5 + 3 + 1 = 9. அது 3 × 3. மொத்தம் 25. இது தற்செயலா? சதுரங்கப் பலகையில் கட்டங்கள் மாறிமாறி வருவது போல, புள்ளிகளுக்கு ஒன்றுவிட்டொன்று இரண்டு நிறங்கள் இட்டு, தலையைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். ஒரு நிறத்தில் 4க்கு 4 சதுரமும், மறு நிறத்தில் 3க்கு 3 சதுரமும் ஒன்றினுள் ஒன்று செருகியபடி சாய்ந்து நிற்பது தெரியும். முதல் வரிசையிலிருந்து நடுவரிசை வரை உள்ள வரிசைகளின் எண்ணிக்கையை 'வ' என்றால்:

மொத்தப் புள்ளிகள் = வ² + (வ − 1)² = 2வ² − 2வ + 1

அன்று மண்டபத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மம்மாவிடம், நடுவரிசையில் 13 புள்ளி வரும் கோலத்திற்கு மொத்தம் எத்தனை என்று பிள்ளைகள் கேட்டனர். கையை நிறுத்தாமலே வரிசை வரிசையாகக் கூட்டி "எண்பத்தைஞ்சு" என்றார். பிள்ளைகள் வ = 7 என்று இட்டு 49 + 36 = 85 என்று கண்டபோது ஆச்சரியப்பட்டனர். ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர் அவர். அவர் கூட்டியதைத்தான் தாம் எழுத்தில் எழுதுகிறோம் என்பது பிள்ளைகளுக்கு விளங்கியது. அம்மம்மாவுக்கும் அன்றிலிருந்து வகுப்பில் ஒரு கதிரை உண்டு.

பயிற்சி 5: கிழித்த முக்கோணி

ஒவ்வொரு பிள்ளையும் தான் விரும்பிய வடிவில் ஒரு முக்கோணியைத் தாளில் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு பக்கம் பக்கமாக வைக்கட்டும். எல்லோருக்கும் ஒரு நேர்கோடு வரும். அதாவது 180 பாகை.

பெரும்பாலான வகுப்புகளில் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். நாம் இங்கிருந்துதான் தொடங்குகிறோம். "இருபது பேர் கிழித்தோம். இருபத்தோராவது முக்கோணியும் அப்படித்தான் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" கணக்காய்வில் பத்துச் சிட்டைகள் சரியாக இருந்தால் பதினோராவதும் சரி என்று எவரும் கையொப்பமிட மாட்டார்கள். பாகைமானியால் அளந்தாலும் ஒருவருக்கு 179, இன்னொருவருக்கு 182 என்று வரும். ஆகவே நிறுவல் தேவை.

முக்கோணியின் உச்சியூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு கீறுங்கள். அடியில் உள்ள இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக உச்சியின் இருபுறமும் வந்து அமர்கின்றன. உச்சிக் கோணத்துடன் அவை சேர்ந்து நேர்கோட்டை நிரப்புகின்றன. எந்த முக்கோணிக்கும் இது பொருந்தும், அளக்கத் தேவையில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு தோடம்பழத்தைக் கொடுங்கள். உச்சியிலிருந்து இடுப்புக் கோடு வரை ஒரு கோடு, இடுப்பில் கால் சுற்று, பின்னர் மீண்டும் உச்சிக்கு. மூன்று மூலையும் செங்கோணம், கூட்டுத்தொகை 270! தளம் வளைந்துவிட்டதால் சமாந்தரம் பற்றிய எமது வாதம் அங்கே செல்லாது. ஒரு தேற்றம் எந்த நிபந்தனையில் உண்மை என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

பயிற்சி 6: நான்கு முக்கோணிகளும் ஒரு சட்டமும்

காட்போட் மட்டையில் 6, 8, 10 சென்ரிமீற்றர் பக்கங்கள் கொண்ட நான்கு செங்கோண முக்கோணிகளை வெட்டுங்கள். ஒரு தாளில் 14 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று கீறுங்கள். 6 + 8 = 14 என்பதைக் கவனிக்கவும்.

முதலில் முக்கோணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு செவ்வகங்கள் ஆக்கி, சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். வெறுமையாக நிற்பவை 6க்கு 6, 8க்கு 8 என்று இரண்டு சதுரங்கள்.

பின்னர் அதே நான்கையும் மூலைக்கு ஒன்றாக, ஒரே சுற்றில் வையுங்கள். நடுவே சாய்ந்த நாற்பக்கல் ஒன்று வெறுமையாக நிற்கும். அதன் பக்கங்கள் எல்லாம் 10. அது சதுரம்தானா? முக்கோணியின் இரு கூர்ங்கோணங்களும் சேர்ந்து 90. நேர்கோட்டில் மீதியும் 90. ஆம், சதுரமே. முந்திய பயிற்சி இங்கே கைகொடுக்கிறது.

சட்டமும் மாறவில்லை, முக்கோணிகளும் மாறவில்லை. ஆகவே வெறும் இடமும் மாறியிருக்க முடியாது. 36 + 64 = 100. சிறு பக்கங்கள் அ, இ எனவும் செம்பக்கம் உ எனவும் கொண்டால், எந்தச் செங்கோண முக்கோணிக்கும்:

அ² + இ² = உ²

இதே மட்டைகள் இன்னொரு நோயையும் தீர்க்கும். (அ + இ)² = அ² + இ² என்று எழுதாத பிள்ளை இல்லை எனலாம். எட்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மூன்று வாரமாக அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். முதலாவது ஒழுங்கைக் காட்டி "இந்த இரண்டு செவ்வகமும் எங்கை போட்டுது?" என்று கேட்டோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே 2அஇ என்று சேர்த்து எழுதினார். பிறகு அந்தப் பிழை அவரிடம் வரவில்லை. 

(அ + இ)² = அ² + 2அஇ + இ²

மேலும், ஒரு கயிற்றில் சம இடைவெளியில் 12 பாகங்கள் வரும்படி முடிச்சிட்டு, முனைகளைச் சேர்த்து 3, 4, 5 என்று இழுத்துப் பிடித்தால் செங்கோணம் கிடைக்கும். இத்தேற்றத்தின் மறுதலையும் உண்மை என்பதே காரணம். கட்டட வேலை செய்வோர் இன்றும் மூலை பிடிக்க இம்முறையைக் கையாளுகின்றனர். வேள்விக் குண்டங்களை அமைப்பதற்கான அளவு விதிகளைக் கூறும் பௌதாயனரின் சுல்ப சூத்திரத்திலும் இத்தேற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. சுல்பம் என்றால் கயிறு. பைதகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலும் இத்தகைய எண்கள் நிரல்படுத்தப்பட்டுள்ளன. இது ஒரு இனத்தாருக்கு மாத்திரம் உரிய அறிவல்ல என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "எப்பிடித் தெரியும்?", "வேறை விதமாச் செய்யலாமோ?" என்ற இரண்டு கேள்விகளையும் தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் பரவாயில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடவேண்டாம். பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது, பிள்ளை எந்த செற்றில் இருக்கிறது, எந்த நிலைக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள் என்று மறக்காமல் கேளுங்கள். தயங்கினால் எம்மில் ஒருவர் கூட வரத் தயார்.

பிள்ளையின் புத்தகச் சொற்களுக்கு எமது சொற்கள்: ஈக்குவேஷன் - சமன்பாடு; வேரியபிள் - மாறி; எக்ஸ்பிரஷன் - கோவை; நெகற்றிவ் நம்பர் - மறை எண்; ட்ரையாங்கிள் - முக்கோணி; ஹைப்போற்றனியூஸ் - செம்பக்கம்; பரலெல் - சமாந்தரம்; ஏரியா - பரப்பளவு; பெரிமீற்றர் - சுற்றளவு; ப்ரூப் - நிறுவல்.

வீட்டில் செய்து பார்க்க

1. ஒரு எண்ணை நினைக்கவும். 5ஐக் கூட்டி, இரட்டித்து, 4ஐக் கழித்து, பாதியாக்கி, நினைத்த எண்ணைக் கழிக்கவும். எல்லோருக்கும் ஒரே விடை வருவது ஏன்?
2. 24 மீற்றர் கயிற்றால் ஒரு செவ்வகத் தோட்டத்தைச் சுற்றி அடைக்க வேண்டும். பக்கங்கள் முழு எண்கள். எந்தத் தோட்டம் பெரியது? மற்றவை அதைவிட எவ்வளவு குறைவு?
3. ஒரு மண்டபத்திற்கு 60 பவுணும், மணிக்கு 20 பவுணும். மற்றதற்கு மணிக்கு 30 பவுண் மாத்திரம். எத்தனை மணிக்குச் செலவு சமன்?
4. நடுவரிசையில் 9 புள்ளி உள்ள கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி?

விடைகள்: (1) 3. நினைத்த எண் 'ந' என்றால், 2(ந + 5) − 4 = 2ந + 6; பாதி ந + 3; ந ஐக் கழிக்க 3. (2) 6க்கு 6, பரப்பளவு 36. மற்றவை 35, 32, 27, 20, 11. குறைவு 1, 4, 9, 16, 25; ஏனெனில் (6 + ட)(6 − ட) = 36 − ட². (3) 6 மணி, 180 பவுண். அதற்குக் குறைந்த நேரமாயின் இரண்டாவது மண்டபம் மலிவு, கூடின் முதலாவது. (4) 41.

பிள்ளைகள் வேறு வழியில் விடை கண்டால் அதைத் தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவரவும். எமது வழியைவிடச் சிறந்ததாயின் அடுத்த இதழில் வெளியிடுவோம்.